நிற்கத் தெரியாத வண்டி

தார்ப்பாயை விலக்கி முன்சக்கரத்தைத் தொட்டவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். சுட்டது. அண்ணன் செத்ததிலிருந்து பத்து மாதமாக, வெயில் எட்டிப் பார்க்காத பட்டறை மூலையில் கிடக்கிற வண்டி.

"யாராவது ஓட்டுனாங்களா அண்ணி?"

"உங்களையும் அவரையும் விட்டா இதை ஓட்டத் தெரிஞ்சவங்க யாரு தம்பி?"

அதுவும் உண்மைதான். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளான இதற்கு இன்ஜினே முன்சக்கரத்துக்குள்தான். ஐந்து சிலிண்டர்கள் அச்சைச் சுற்றி நின்று, சக்கரத்தோடு தாங்களும் சுழலும். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. சக்கரம் நின்றால் இன்ஜினும் அணைந்துவிடும். மறுபடி கிளப்புவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் தெரிந்தவர்களை வழியில் பார்த்தால் அண்ணன் நிறுத்தமாட்டான். அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தே குசலம் விசாரிப்பான். பதில் சொல்பவருக்குத் தலை கிறுகிறுத்துப் போகும்.

ஆறு வருடம் இரண்டு பேரும் சேர்ந்து உயிர் கொடுத்த வண்டி. பத்திரிகையில் அண்ணன் படம் மட்டும் வந்தது. அந்த வயிற்றெரிச்சலில், ஊரார் முன்னால் ஓட்டிக் காட்டவிருந்த நாள் காலையில் பிரேக் கம்பியைப் பாதிக்கு மேல் அரத்தால் ராவிவைத்தவன் இவன்தான். நாலு பேர் முன்னால் விழுந்து மானம் போகட்டும் என்றுதான் நினைத்தான். அண்ணன் மதிலில் மோதி அங்கேயே போய்விட்டான். பழைய கம்பி, அறுந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். இவனும் சொன்னான்.

"நாளைக்கு மியூசியத்துல இருந்து வர்றாங்க. ஓடுற வண்டின்னாதான் எடுத்துப்பாங்களாம். முற்றத்துல ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க."

"இன்னொரு நாள் பாத்துக்கலாம் அண்ணி."

"ஏன், பயமா? மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம் தம்பி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். மறுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். குனிந்து பார்த்தான், பிரேக்குக்குப் புதுக் கம்பி போட்டிருந்தது. நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, முற்றத்துக்குத் தள்ளிவந்து கிளப்பி ஏறினான்.

நடு முற்றத்தில் அண்ணி நிற்க, ஈரப் பாசி நாற்றமும் சூடேறிய எண்ணெய் வாடையும் மூக்கில் ஏற, நாலு பக்க மதிலும் இன்ஜின் சத்தத்தை வாங்கி அவன் காதுக்குள்ளேயே திருப்பிக் கொட்ட, அவளைச் சுற்றி முதல் வட்டம் போட்டான். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள்.

"அன்னைக்குக் காலையில அவருக்குக் காபி எடுத்துட்டு வந்தேன்."

ஒரு சுற்று.

"பட்டறைக்குள்ள அரம் போடுற சத்தம் கேட்டுச்சு."

இன்னொரு சுற்று.

"அவர் குளிச்சிட்டிருந்தார் தம்பி. உள்ள நீங்க மட்டும்தான் இருந்தீங்க."

பிரேக்கைப் பிடித்தான். பிடித்தது. கருகிய நாற்றம் வந்தது. வேகம் குறையவில்லை. அண்ணி போய் இரும்புக் கதவைத் தாழிட்டாள். பெட்ரோலை அடைத்தான். ஒரு சுற்று. இரண்டு. பத்து. சத்தம் மாறவேயில்லை.

குதித்துவிடலாம். கையை எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை.

பின்சீட் அமுங்கியது. பிடரியில் மூச்சு. குனிந்து பார்த்தான். அவன் கைகள்மேல் இரண்டு கைகள். நகக்கண்ணில் கிரீஸ். மதிலில் உரசி உரிந்த தோல்.

"அண்ணே, மன்னிச்சிடு!"

பிடி இறுகியது.

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"மெதுவாவே போங்க. நமக்கு என்ன அவசரம்?"

வட்டம் பெரிதாகியது. ஒவ்வொரு சுற்றிலும் மதில் ஒரு விரற்கடை கிட்டே வந்தது. முதலில் சட்டைக் கை உரசியது. அடுத்த சுற்றில் முழங்கை. அவன் அலறினான். சக்கரம் வேகம் கூட்டவில்லை. அவள் சொன்னபடியே மெதுவாகச் சுற்றியது.