மூன்றாவது குழி

மதியம் மூன்று மணிக்கு, தம்பி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவன் குழந்தையின் சட்டைகளை அவள் மடித்துக்கொண்டிருந்தபோது, தரைக்கு அடியிலிருந்து தொம் என்று ஒரு சத்தம் உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ இடிக்கிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் அடுத்த தொம்முக்கு முன்னால் விழுந்த இடைவெளி அவளுக்கு அத்துப்படி. அறுபத்து மூன்றரை கிலோ இரும்பைக் கயிற்றால் முக்கால் மீட்டர் தூக்கி, கைவிட ஆகும் நேரம் அது. மண்ணுக்குள் குழாய் இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணுவதுதான் பதினைந்து வருடமாக அவள் வேலை. அடி குறையக் குறைய மண்ணில் பலமில்லை என்று பொருள்.

இந்த மனையையும் அவள்தான் சோதித்தாள். மூன்று குழி போட வேண்டும். இரண்டு முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

"மூணாவதும் இதே மண்ணுதான் மேடம், எழுதிக்கங்க," என்றார் துளை போடுபவர்.

இரண்டாவது குழியின் அடி எண்ணிக்கையான இருபத்திரண்டையே மூன்றாவதுக்கும் எழுதினாள். மண் தாங்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கைத்தானே ஏற்றப்போகிறோம், என்ன ஆகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அதே மூன்று மடங்கை நம்பி மேஸ்திரி அஸ்திவார ஆழத்தில் ஓரடி குறைத்தார். "நீதான் மூணு மடங்கு விட்டிருக்கியேக்கா," என்று தம்பி இன்னொரு மாடியும் எழுப்பினான். ஒரே பானைச் சோற்றை, தனக்குத்தான் என்று ஆளாளுக்குச் சாப்பிட்ட கதை.

அந்த மூன்றாவது இடத்தில் இப்போது மூலை அறை. அங்கே தொட்டிலில் எட்டு மாதக் குழந்தை தூங்குகிறது. கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தம்பி மனைவி கடைக்குப் போயிருக்கிறாள்.

சத்தம் நின்றது. குழாயில் சாக்பீஸ் கோடு போட நிறுத்துவார்களே, அதே அளவு. பிறகு மறுபடி தொடங்கியது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள்.

இருபத்திரண்டு. அவள் எழுதிய எண்.

அடியில் இருந்த யாருக்கோ அது தெரிந்திருந்தது.

அடுத்த முறை ஒன்பது. அதற்கடுத்து மூன்று. பிறகு அடியே இல்லை. குழாய் தன் எடையிலேயே வழுக்கி இறங்கும் மெல்லிய உரசல் மட்டும். ஈர மண்ணின் வாடை கூடம் முழுக்க.

ஓடினாள்.

மூலை அறையின் டைல்ஸ் இடைவெளிகளில் சேறு கசிந்திருந்தது. உள்ளே ஒரு கால் வைத்தாள். தரை அமுங்கியது. தொட்டிலின் நான்கு கால்களும் இரண்டு விரற்கடை இறங்கின. சட்டென்று காலை இழுத்தாள். தொட்டில் நின்றது.

குழந்தையின் எடைக்குச் சரியாக இருக்கிறது மண். அதற்குமேல் ஒரு கைப்பிடிகூடத் தாங்காது. மூன்று மடங்கில் மிச்சம் எதுவுமில்லை.

குழந்தை விழித்தது. அத்தையைப் பார்த்தது. சிரித்தது.

வாசல் கேட் திறந்தது. "அண்ணி, எழுந்துட்டானா?" தம்பி மனைவி வேகமாக நடந்து வந்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் தொட்டில் இறங்கியது. வராதே என்று சொல்ல வாய் திறந்தாள்.

அடியில் கயிறு மெல்ல இழுபட்டது. இரும்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

தூக்கச் சொல்லி, குழந்தை இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டியது.