வெளிச்சம் பட்டால் கொலை

காலை ஒன்பது மணிக்குப் பேராசிரியையின் போன் அலறியது.

"மேடம்... போயிடுச்சு." ஆராய்ச்சி மாணவியின் குரல். "ஒண்ணுகூட மிச்சமில்ல."

பேராசிரியை லேபுக்கு ஓடினார்.

மைனஸ் இருநூற்று அறுபத்து மூன்று டிகிரியில் உறைந்த ஆர்கான் வாயு. அதற்குள் சிறைப்பட்ட சின்ன மூலக்கூறுகளைப் புற ஊதா ஒளியால் உடைத்து, யாரும் பார்த்திராத புது மூலக்கூறு ஒன்றை ஆறு நாளில் உருவாக்கியிருந்தார். நேற்று வரைபடத்தில் அது இருப்பதைக் காட்டி நிமிர்ந்து நின்ற முகடு... இன்று தட்டை!

யாரோ குளிரூட்டியை நிறுத்தி, ஆர்கானை இளகவிட்டிருக்கிறார்கள்.

யார்? பதவி உயர்வு கிடைக்காத கடுப்பில் இருக்கும் கூலர்காரர்தான்!

இருபது வருடம் அந்த இயந்திரத்தைக் கட்டிக்காத்த மனிதரை வாசலிலேயே மடக்கி, எல்லோர் முன்னாலும் பையைக் கொட்டச் சொன்னார் பேராசிரியை. கூலர்காரர் வாயே திறக்கவில்லை.

"மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு," என்றபடி சஸ்பெண்ட் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

கொட்டியதைப் பொறுக்கிக்கொண்டு, தலைகுனிந்து போனார் கூலர்காரர்.

பதினொரு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். பட்டப்பெயர் மோப்பம். கையில் வரைபடக் கட்டு.

"குளிர் குறையவே இல்ல மேடம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வரைபடம் பதிவாகியிருக்கு. நேத்து சாயங்காலம் நாலு பத்து வரைக்கும் உங்க மூலக்கூறு ஆசாமி உயிரோட இருக்காரு. நாலேகாலுக்குப் பாதி. நாலரைக்கு... காலி."

"அப்ப கூலர்காரர் எங்க இருந்தார்?"

"பல் டாக்டர்கிட்ட. ரெண்டு பல்லைப் பிடுங்கியிருக்காங்க. இன்னிக்கும் தாடை வீக்கம். அதான் பேச முடியல."

"பின்ன யாருய்யா இருந்தது?"

மோப்பம் வரைபடக் கட்டை மடித்தார்.

"கேமராவுல பாத்தேன். நீங்கதான் மேடம். பக்கத்துல உங்க சம்பந்தி. வெளிச்சம் படாம மூடியிருந்த கறுப்புத் துணிய விலக்கி, செல்போன் டார்ச் அடிச்சு காட்டிக்கிட்டிருந்தீங்க."

பேராசிரியைக்கு உறைத்தது. அந்த மூலக்கூறு சாதாரண வெளிச்சம் பட்டாலே உடைந்துவிடும். மாணவர்களிடம் தினமும் அவரே கத்துவது அது. கொஞ்ச நேரம்தானே என்று, சம்பந்தி முன் பீற்றிக்கொள்ள, தன் கையாலேயே கொன்றிருக்கிறார். அதைவிட, கீழே விழுந்த சாப்பாட்டு டப்பாவைக் குனிந்து எடுத்த கூலர்காரரின் முதுகு கண்ணைவிட்டுப் போகவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மதியம் கூலர்காரரை வரவழைத்தார். அதே வாசல். அதே கூட்டம். எல்லோருக்கும் கேட்கும்படி, உத்தரவைக் கிழித்தார்.

"தப்பு என்னோடது. உங்கள அவமானப்படுத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

வீங்கிய தாடையோடு நின்ற கூலர்காரர், மோப்பத்திடம் பேனா வாங்கிக் கிழிந்த தாளிலேயே எழுதி நீட்டினார்.

'அடுத்த தடவை சம்பந்தி வந்தா கல்யாண ஆல்பத்தைக் காட்டுங்க மேடம். எவ்வளவு டார்ச் அடிச்சாலும் அது சாகாது.'