கொப்பளிக்கும் சத்தம்

கொப்பளிக்கும் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

சிகிச்சைக்கு முன் மருந்துத் தண்ணீரைக் கொடுத்துக் கொப்பளிக்கச் சொல்வதும், எச்சில் தெறிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நிற்பதும், ஊரெல்லாம் நோய் பரவிய பிறகு பல் டாக்டர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். உள்ளே இருந்தவர் தையல்காரர், அன்றைய கடைசி ஆள். காய்ச்சல் இல்லை என்று சொன்னார். நெற்றியில் காட்டிய காய்ச்சல் கருவியும் அதையே சொன்னது. அவள் இரண்டையும் நம்பவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து உட்காருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்றால், பல்வலியில் ராத்திரி தூக்கமில்லையாம். நல்ல கதை.

தன்னைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மகள் சிட்டு பின்னறையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வருகிறவர்களில் ஒருவர் பொய் சொன்னால் போதும்.

நடைவழியில் கிராம்பு எண்ணெய் வாடையும் கிருமிநாசினி நெடியும் கலந்து தொண்டையைக் கரித்தது. மங்கிய விளக்கின் கீழ் அவள் நிழல் சுவரோடு ஒடுங்கி நின்றது. மெல்லிய பலகைச் சுவர்களைத் தாண்டி அந்தச் சத்தம், களகளவென்று, ஏறாமல் இறங்காமல், ஒரே சீராக வந்துகொண்டேயிருந்தது. நடுவில் மூச்சு வாங்க வேண்டாமா? நோய் முற்றினால் தொண்டையில் தானாகவே தண்ணீர் புரளும் என்று கூடப் படித்த டாக்டர் ஒருத்தி போனில் சொன்னபோது இவள் சிரித்திருந்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளினாள்.

தையல்காரர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கோப்பை காலி. அவளைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

“நான் அப்பவே துப்பிட்டேன் டாக்டர். பின்னாடி ரூம்ல யாரு இவ்வளவு நேரமா கொப்பளிக்கிறது?”

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்தவள், மகளின் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நடைவழி. பின்னறைக் கதவு. சத்தம்.

அந்த அறையில் குழாய் கிடையாது.

“சிட்டு?”

திறந்தாள்.

சிட்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் கூரையைப் பார்த்துத் திறந்திருந்தது. உலர்ந்த உதடு. உலர்ந்த நாக்கு. களகள. களகள. கண் மட்டும் மெதுவாக அம்மா பக்கம் திரும்பியது. வாய் நிறையத் தண்ணீர் வைத்திருப்பவர்கள் காட்டுவதுபோல் ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள், கொஞ்சம் இரு என்று.