கதவு தட்ட ஆள் வேண்டும்

அந்தப் பெண்ணிடம் எடெமுக்கு முதலில் பிடித்தது அவள் கையிலிருந்த படகுச் சீட்டுதான். கண்களை அப்புறம்தான் பார்த்தான்...

"நோயைப் பத்தி டாக்டரல்லாத ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க" என்று கூட்டத்தில் ஆலோசகர் சொல்லியிருந்தாள். புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களுக்கென்று வியாழன்தோறும் போனில், வீடியோவில் கூடுகிற கூட்டம் அது. ஒருத்தரும் கேமராவைப் போட்டு முகம் காட்டுவதில்லை, எடெமும்தான். ஏரிக்கரையில், தோர்க்கோர் படகுத்துறையில் படகு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன், ஊரில் யாரிடம் சொல்வான்? இவள் என்றால் இதோ அக்கரை போய்விடுவாள். மறுபடி முகத்தில் விழிக்க வேண்டாம்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். புற்றுநோய்... ஆபரேஷன்... அதற்கப்புறம் உள்ளதெல்லாம்.

"அவ்வளவுதானா எஃபோ? ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிடப் போறீங்கன்னு பயந்துட்டேன்" என்று மரியாதையாக எஃபோ போட்டுச் சொன்னாள்.

சிரித்துவிட்டான். எழுந்து போகலாமென்று பார்த்தால் காற்று கிளம்பியது, கூடவே மழை. ஏரி அடங்கும்வரை படகு போகாது என்றார்கள். ஒதுங்க இருந்தது ஒரே தகரக் கூரை. வசமாக மாட்டிக்கொண்டான்.

பெயர் அகோஃபா என்றாள். பதில் மரியாதைக்கு அவன் டாவி என்றான். அபோலோ என்கிற சோள மாவு அப்பத்தையும் வறுத்த மீனையும் பிரித்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வீட்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல டாவி. மனைவி போய் ரொம்ப நாளாச்சு. இனிமே யாரு வருவா... நான் இப்ப முழு ஆம்பளை இல்ல."

"என் வீட்டுக்காரர் முழு ஆம்பளைதான். சாகற வரைக்கும் மனசுல இருக்கறத ஒரு வார்த்தை சொல்லல. நீங்க பேரு கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கொட்டிட்டீங்க."

மழை நின்றது. படகு ஊதியது. அவள் எழுந்தாள். போய்விடுவாள் என்றுதானே அவளிடம் சொன்னான்? இப்போது அவள் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

"டாவி... உங்கள எனக்குப் புடிச்சிருக்கு."

அவள் திரும்பினாள். அந்தக் கண்கள்... இன்னும் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

"என்கிட்ட சொன்னா போதுமா? அக்கரையில எங்க அண்ணன் வீடு இருக்கு. முறையா ஆளுங்களோட, மது பாட்டிலோட வந்து கதவைத் தட்டிப் பொண்ணு கேளுங்க. வர்றவங்க உங்க விஷயம் தெரிஞ்சவங்களா இருக்கணும். எனக்கு ஒளிவுமறைவு ஆகாது." போன் நம்பரைச் சொல்லிவிட்டுப் படகேறினாள்.

தெரிந்தவர்களா? ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதே...

வியாழக்கிழமை. "யாராவது சொன்னீங்களா?" என்று ஆலோசகர் கேட்டாள். எடெம் முதல்முறையாகக் கேமராவைப் போட்டான்.

"நான் சொன்னேன். இப்ப அவங்க அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டணும்... கூட யாரு வரீங்க?"

திரையில் ஒரு கறுப்புக் கட்டத்தில் நரைத்த தாடி தெரிந்தது.

"நான் வரேன். என் பேரு செனானு."

"மது பாட்டில் என் பொறுப்பு" என்றது அடுத்த முகம். அப்புறம் இன்னொன்று... இன்னொன்று...

எடெம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அகோஃபாவை அழைத்தான்.

"டாவி, அண்ணன்கிட்ட சொல்லி நாற்காலி நிறையப் போடச் சொல்லுங்க."