நடுப்படுக்கை

குளியலறைக் கொக்கிகளில் மூன்று துண்டுகள் தொங்கின. நடுத்துண்டு மட்டும் ஈரமாக இருந்தது.

அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பெட்டிகள் கூடத்திலேயே கிடந்தன. பிள்ளைகள் இருவரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலில் தொற்றிக்கொண்டு, மரங்களுக்கு மேலே தெரிந்த பெரிய ராட்டினத்தின் உச்சியைப் பார்த்துக் கூச்சலிட்டுக் கொண்டிருந்தார்கள். யாரும் இன்னும் முகம் கழுவவில்லை. அவள் துண்டைப் பிழிந்தாள். சொட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் தலைமுடி வாசனை அதில் இருந்தது.

“ஒழுங்கா காயப்போடத் தெரியாதவங்க,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு துண்டைக் கூடையில் போட்டாள்.

இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். பொழுதுபோக்குப் பூங்காவுக்கு உள்ளேயே இருக்கும் ஹோட்டலில் தங்கலாம் என்று கணவர் ஒரு வாரம் நச்சரித்தார். ஒரே அறையில் நாலு பேர் முட்டிக்கொள்வது அவளுக்குப் பிடிக்கவில்லை. சமையலறை வேண்டும், துணி காயவைக்க இடம் வேண்டும். இங்கே எல்லாம் இருந்தது. ஒன்றுதான் இடித்தது. மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மட்டுமே வீட்டைத் தருவார்களாம். பதிவுப் படிவத்தில் ஒன்பது வயது மகளுக்கும் ஐந்து வயது மகனுக்கும் நடுவே, அவளாகவே ஒரு வரி சேர்த்துவிட்டாள். பெண், ஏழு வயது.

“பத்து மாசம் சுமக்காமலே ஒரு பொண்ணைப் பெத்துட்டே. கெட்டிக்காரிதான்,” என்று கணவர் சிரித்தார்.

“வந்து எண்ணியா பாக்கப் போறாங்க?”

எண்ணுவது அவளுடைய வேலை. மழலையர் பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு அவள் ஆசிரியை. வெளியே கூட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுவாள். ஒரு நாளும் கணக்குத் தப்பியதில்லை.

பெட்டிகளைப் பிள்ளைகளின் அறைக்கு எடுத்துப் போனபோது கதவு நிலையில் பென்சில் கோடுகளைப் பார்த்தாள். முன்பு தங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு தேதிக்கும் மூன்று கோடுகள். மேல்கோடுகள் ஏறியும் இறங்கியும் இருந்தன, கீழ்க்கோடுகளும் அப்படித்தான். நடுக்கோடுகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழுந்து, மரமே அங்கே பள்ளமாகியிருந்தது.

அவள் அதைத் தொடவில்லை.

பூங்காவில் சுற்றிவிட்டுத் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. வீட்டுக்குள் ஈரத்துணி வாடை. பிள்ளைகளின் அறையில் இருந்த மூன்றடுக்குக் கட்டிலில் மேல்படுக்கையும் கீழ்ப்படுக்கையும் விரித்தது விரித்தபடி இருந்தன. நடுப்படுக்கையில் விரிப்பு கசங்கி, தலையணை நடுவில் குழிந்து, அந்தக் குழியில் ஒரு ஈரவட்டம், சற்றுமுன் யாரோ தலையைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோனதுபோல, மெல்ல விரிந்துகொண்டிருந்தது.

“நீ நடுவுல படுத்துக்கோடா, தம்பி,” என்றாள் மகள்.

“மாட்டேன். அங்க ஆள் இருக்கு,” என்றான் அவன்.

அவள் பெட்டிகளை மூடினாள்.

“என்ன இது? நீதானே இந்த வீடுதான்னு பிடிவாதம் பிடிச்சே?” என்றார் கணவர்.

“பிடிச்சேன். இப்ப விடுறேன். ஹோட்டலுக்குப் போறோம். பிள்ளைங்களைக் கார்ல ஏத்துங்க.”

அவர்கள் வெளியே போனதும் அந்த அறை வாசலில் நின்றாள். குரலை நடுங்க விடவில்லை. வகுப்பில் பேசும் குரலிலேயே சொன்னாள்.

“எனக்கு ரெண்டு பிள்ளைங்க. உன்னை நான் பெறல. ஒரு வரி எழுதினேன், அது பொய். அவ்வளவுதான்.”

நடுப்படுக்கை கிறீச்சிட்டது. யாரோ இறங்குவதுபோல.

அவள் ஓடவில்லை. நடந்தே வந்தாள். வாசலைப் பூட்டினாள். சாவியை வாசலோரச் சாவிப்பெட்டியில் போட்டாள். காரில் ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்தாள்.

“மூணு பேரும் பெல்ட் போட்டாச்சு. போலாமா?” என்றார் கணவர்.

“இந்த நேரத்துல விளையாடாதீங்க.”

“என்ன விளையாட்டு?”

அவர் முகத்தில் சிரிப்பில்லை. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னிருக்கையின் இருட்டில் தலைகள். மூன்று.

சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டாள். பார்த்தால் எண்ண வேண்டிவரும். எண்ணினால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பார்க்க மாட்டேன். உன்னை ஒரு தடவைகூடப் பார்க்க மாட்டேன்.

இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“பெல்ட்டைக் கழட்டுங்க. என் பிள்ளைங்க ரெண்டு பேர் மட்டும் என் கையைப் பிடிங்க.”

இரண்டு கைகளையும் நீட்டினாள். வலது கையில் ஒரு கை வந்து சேர்ந்தது. மணிக்கட்டில் மகளின் பாசிமணி. இடது கையில் இன்னொன்று. சின்னக் கை. போதும். இருவரையும் வெளியே இழுத்தாள், இடுப்பால் கதவை அடித்துச் சாத்தினாள், கண்ணைத் திறந்து பூங்காவின் விளக்குகளைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

“எங்க போறே?” கணவரின் குரல்.

திரும்பவில்லை. நேராகப் பார்த்தாள். வலது. இடது. ரெண்டு. கணக்குச் சரி. என் கணக்கு எப்போதும் சரி.

இருபது அடி. முப்பது.

பின்னால், காரின் கண்ணாடியை உள்ளிருந்து தட்டும் சத்தம். குட்டிக் கையால். விடாமல்.

“அம்மா,” மகன் அழுதான். “என்னை விட்டுட்டுப் போறியேம்மா.”

அவள் நின்றாள்.

இடது கைக்குள் ஈரம். வெதுவெதுப்பான ஈரம்.

விரல்களை விரித்தாள். அந்த விரல்கள் விரியவில்லை.