நீனோவின் எச்சில் குழாய்

செவ்வாய், காலை 9.40.

'மரபணுவில் பழுது இல்லை.' அறிக்கையின் முதல் பக்கத்தோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். டவுன்ஸ்வில் மருத்துவமனையின் மரபணுப் பிரிவு நர்ஸ் லோர்னா மட்டும் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். கடைசி வரியை மூன்று முறை படித்துவிட்டு, கார் சாவியை எடுத்தாள்.

நீனோ போர்தொலூசி, வயது அறுபத்திரண்டு, இங்ஹாமில் கரும்பு விவசாயி. உடம்பில் இதுவரை ஐந்து மெலனோமா. ஒன்றிலிருந்து ஒன்று பரவிய தோல் புற்று அல்ல, ஐந்தும் தனித்தனியாக முளைத்தவை. பரம்பரைக் கோளாறாக இருக்குமோ என்றுதான், வீட்டிலேயே குழாயில் துப்பி அனுப்பும் இந்த எச்சில் பரிசோதனையே. 'இல்லை' என்றதும் மகள் டெஸ், தன் முதுகு மச்சத்தைக் காட்ட வாங்கியிருந்த அப்பாயின்ட்மென்டை ரத்து செய்துவிட்டாள். அதுதான் லோர்னாவைக் காரில் ஏற்றியது.

காலை 11.30.

நீனோ வீட்டுச் சமையலறை மேஜையில் மூன்று பேர். நீனோவின் தலை இந்த வயதிலும் கன்னங்கரேலென்று இருந்தது. எதிரே டெஸ். பக்கத்துத் தோட்டத்து க்ளைவ் தொப்பியைக் கழற்றாமல் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். அவருடைய நரைத்த புருவத்தில் அங்கங்கே துரு நிறம்.

"எத்தனை மணிக்குத் துப்பினீங்க, நீனோ?" என்றாள் லோர்னா.

"காலைல ஆறே முக்காலுக்கு."

"அரை மணி முன்னாடி எதுவும் குடிக்கலையே?"

"இல்ல சிஸ்டர்."

டெஸ் சிரித்தாள். "அப்பாவா? ஆறரைக்குக் காபி வரலைன்னா வீடே ரெண்டுபட்டுடும். அன்னிக்கும் நான்தான் போட்டுக் குடுத்தேன்."

நீனோ மகளை முறைத்தார்.

"ஆறரைக்குக் காபி, ஆறே முக்காலுக்கு எச்சிலா? அப்ப வீட்ல வேற யாரு இருந்தாங்க?"

"க்ளைவ் மாமா. டிராக்டர் பெல்ட் கேட்டு வந்தாரு."

"லேப்ல மாத்தித் தொலைச்சிருப்பாங்க," என்றார் க்ளைவ்.

"அன்னிக்கு வந்த மத்த குழாய் எல்லாம் பொம்பளைங்களோடது. இதுல இருந்தது ஆம்பளை எச்சில். ஒட்டின சீலும் பிரியல. மாத்தினது இதே மேஜைலதான்."

லோர்னா அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை மேஜையில் விரித்தாள்.

"கடைசி வரிய யாருமே படிக்கல. குழாயில இருந்த ஆளுக்கு அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலயும் செம்பட்டை முடிக்கான மரபணு. நீனோ தலையப் பாருங்க. க்ளைவ், தொப்பியக் கழட்டுங்க."

கழற்றினார். பளபளவென்று வழுக்கை.

"தலை தப்பிச்சிடுச்சு. புருவம் மாட்டிக்கிச்சு," என்றாள் லோர்னா.

க்ளைவ் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "நான் மாட்டேன்னுதான் சொன்னேன். இவன்தான் கையப் பிடிச்சுக் கெஞ்சினான்."

நீனோ மகளைப் பார்க்காமல் பேசினார். "இந்தக் கரும்புக் காட்ட உனக்குக் குடுக்கறேன். இந்த நோயையும் நான்தான் குடுத்தேன்னு காகிதத்துல படிக்கணுமா?"

"காகிதத்துல இல்லைன்னா என் முதுகுல இல்லாமப் போயிடுமாப்பா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. லோர்னாவுக்கும் பாவமாகத்தான் இருந்தது; ஆனாலும் புதுக் குழாயை மேஜையில் வைத்தாள். நீனோ காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

அரை மணி காத்திருந்தார்கள். அதற்குள் டெஸ் போன் செய்து, வியாழக்கிழமைக்கு மறுபடி அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டாள்.

பகல் 12.20. நீனோவின் வாய் வறண்டு கிடந்தது. ஒரு சொட்டு வரவில்லை.

"இதுக்கும் நானே துப்பணுமாடா?" என்றார் க்ளைவ்.

முதலில் சிரித்தவள் டெஸ். அடுத்து நீனோவும் சிரித்தார், வாயில் எச்சில் ஊறியது. மெதுவாகக் கோடு வரை நிரப்பி, குழாயை மகளிடம் நீட்டினார். அவள் மூடியைத் திருகி, சீலை ஒட்டி, அப்பாவின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள்.