எல்லாரோடும் சேர்ந்து சிரிக்க

"இன்னும் ஒண்ணுமே வரலையேம்மா!"

துறுதுறு அம்மாவின் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஓரிடத்தில் உட்காரவே மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

வேறு ஊரில் நடக்கும் நகைச்சுவைப் பேச்சுப் போட்டியில் அக்கா பேசப் போகிறாள். அப்பாவுக்குக் காது கேட்காது. அதனால் அக்காவின் தோழி அரங்கில் உட்கார்ந்து, பேசப் பேசத் தட்டச்சு செய்வாள். அம்மா எழுதிய சர்வர் நிரல் அதை வாங்கி வீட்டுக் கணினிக்கு அனுப்பும்.

போன வருடம் அக்கா பேசியபோது அரங்கமே சிரித்தது. அக்கா வீட்டுக்கு வந்து எழுதிக் காட்டிய பிறகுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தார்.

"இந்தத் தடவை எல்லாரோடயும் சேர்ந்து சிரிக்கணும்" என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது, அக்கா பேசுவதற்கு முன், சோதித்துப் பார்க்கும் நேரம். திரையோ வெள்ளையாகவே இருந்தது.

"நான் எப்பவோ ஆரம்பிச்சுட்டேன் ஆன்ட்டி!" என்றாள் தோழி கைபேசியில்.

சட்டென்று ஒரு பத்தி முழுவதும் தொப்பென விழுந்தது.

"எல்லாத்தையும் பஃபர்ல சேர்த்து வச்சுட்டு, கடைசியிலதான் அனுப்புது" என்றார் அம்மா.

"பஃபர்னா?"

"அனுப்புறதுக்கு முன்னாடி சேர்த்து வைக்கிற இடம்டி."

"அப்போ சேர்க்கவே வேணாம்!"

அம்மா மாற்றினார். இப்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டி அனுப்பி சர்வர் திணறியது. எழுத்துகள் நின்றன, ஓடின, மறுபடி நின்றன.

அப்பா கண்ணைக் கசக்கினார். "நான் படிக்கிறதா, எறும்பு பிடிக்கிறதா?"

"ஆன்ட்டி, அடுத்தது அவதான்!" என்று கைபேசி அலறியது.

அம்மாவுக்கு வியர்த்தது. அப்பா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா தச்சர். வீடெங்கும் மரத்துண்டுகள் கிடக்கும். அவரிடம் எதையும் அவற்றில் எழுதித்தான் காட்டுவார்கள். துறுதுறு அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். 'அடுத்தது அக்கா' என்று எழுதி நீட்டினாள். 'பயப்படாதீங்க' என்று எழுதி நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அம்மா! நான் பலகை நிறையற வரைக்கும் எழுதிட்டுத்தானா காட்டுறேன்? ஒவ்வொரு எழுத்தாவும் காட்டுறதில்லையே! ஒரு வாக்கியம் முடிஞ்சதும் நீட்டுறேன். சர்வரும் அப்படியே செய்யட்டுமே!"

"உங்க அக்கா மூச்சே விடாம பேசுவாளேடி? வாக்கியம் முடியவே இல்லன்னா?"

"நான் ரொம்ப நேரம் எழுதினா அப்பா பலகையைப் பிடுங்கிடுவாருல்ல? அதே மாதிரி, கொஞ்ச நேரம் பாத்துட்டு, இருக்கிறதை அனுப்பிடணும்!"

அம்மாவின் விரல்கள் கடகடவென ஓடின. கைபேசியில் கைதட்டல் கேட்டது. அக்கா மேடையேறிவிட்டாள். திரை வெள்ளை. துறுதுறு நகத்தைக் கடித்தாள்.

ஒரு வரி வந்தது.

'எங்க வீட்டுல ஒரு தங்கச்சி இருக்கா.'

அடுத்தது.

'அவ உட்கார்ந்து நாங்க யாரும் பார்த்ததே இல்ல.'

அப்பா திரையை நோக்கிச் சாய்ந்தார்.

'எங்க அப்பா தச்சர்தான். ஆனா அவளுக்கு மட்டும் நாற்காலியே செய்யல!'

கைபேசியில் அரங்கம் வெடித்துச் சிரித்தது. அதே நேரத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் சிரித்தார். இரண்டு சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன.

துறுதுறு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அதிசயத்தை யாரும் கவனிக்கவே இல்லை.